கோயில் பந்தியில் வாழைப்பழ புட்டிங் கப்: வரட்டும், ஆனா இப்படி வரட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. உபயம் எடுக்கிறவங்க, பிள்ளைங்க பிறந்தநாளுக்கு அன்னதான மண்டபத்துல இனிப்பு கொடுக்க நினைக்கிறவங்க, தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

நம்ம வாட்சாப் குழுவுல கொஞ்ச நாளா ஓடுற விவாதம் உங்களுக்குத் தெரியும். கேசரியும் பாயசமும் இருந்த இடத்துல இப்போ அடுக்கு அடுக்கா வாழைப்பழ புட்டிங் கப் வர ஆரம்பிச்சிருக்கு. "கோயிலுக்குள்ள இதெல்லாம் எதுக்கு, நிறுத்துங்க"ன்னு ஒரு பக்கம். "பிள்ளைங்க ஆசையா சாப்பிடுறாங்க, விடுங்களேன்"னு இன்னொரு பக்கம். அன்னதானக் குழுத் தொண்டர்கள் நாங்க உட்கார்ந்து பேசினோம். எங்க கருத்து இதுதான்: புட்டிங் வரலாம். ஆனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு முன்கூட்டியே தெரியணும். ஏன்னு விளக்கமா சொல்றோம்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக. இந்த இனிப்பு அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல ரொம்பப் பிரபலம். கீழ பிஸ்கட், அதுக்கு மேல கஸ்டர்ட், அதுக்கு மேல வாழைப்பழத் துண்டு, திரும்பவும் பிஸ்கட், கஸ்டர்ட், பழம்னு அடுக்கிக்கிட்டே போவாங்க. குடும்ப விருந்துன்னா பெரிய கண்ணாடிப் பாத்திரத்துல செஞ்சு, கரண்டியால அள்ளிப் பரிமாறுவாங்க. டென்னசி மாநிலத்துல சென்டர்வில்ங்கிற ஊர்ல இதுக்குன்னே வருஷா வருஷம் ஒரு விழா நடக்குது. நம்ம ஊர்ல அதே பண்டம் தனித்தனி கப்புல வருது. கையில கொடுக்க லேசா இருக்கு, பார்க்கவும் அழகா இருக்கு.

"வெளிநாட்டுப் பண்டம்"னு சொல்ற பெரியவங்களுக்கு மரியாதையோட ஒரு வார்த்தை. நம்ம பந்தியில இருக்கிற உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுதான். சைவ மீகூன் இல்லாத அன்னதானத்தை நம்ம நாட்டுல பார்க்கிறதே கஷ்டம். அதுவும் சீனர் சமையல்ல இருந்து நம்ம அடுப்புக்கு வந்தது. வந்ததை எல்லாம் நம்ம முறைக்குச் சமைச்சுக்கிட்டோம், அவ்வளவுதான். அதோட, வாழைப்பழத்தைக் கோயிலுக்கு யாரும் புதுசா அறிமுகப்படுத்த வேண்டியதில்ல.

நைவேத்தியம் விஷயத்துல மட்டும் நாங்க கருத்து சொல்லப் போறதில்ல. சுவாமிக்கு எதைப் படைக்கலாம்ங்கிறதை குருக்கள் ஐயாதான் சொல்லணும். நாங்க பேசுறது பூசை முடிஞ்ச பிறகு மண்டபத்துல பக்தர்களுக்குக் கொடுக்கிற இனிப்பைப் பத்தி.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

கல்யாண வீட்டுல, ஆபீஸ் விருந்துல சாப்பிடும்போது நம்மள்ல பல பேர் "இதுல முட்டை இருக்கா, இறைச்சி இருக்கா"ன்னு கேட்டுட்டுத்தான் கை வைப்போம். கோயில் பந்தியில யாராவது கேட்டுப் பார்த்திருக்கீங்களா? கேட்க மாட்டாங்க. பால்குடம் எடுக்க விரதம் இருக்கிற தம்பி கேட்க மாட்டார். பிறந்ததுல இருந்து சைவமா இருக்கிற பாட்டி கேட்க மாட்டாங்க. கொடுத்ததைக் கண்ணுல ஒத்திக்கிட்டு வாயில போட்டுக்குவாங்க. அவங்களுக்குப் பதிலா நாங்க ஏற்கெனவே கேட்டிருப்போம்னு ஒரு நம்பிக்கை. பரிமாறுற கைக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு வேற இல்ல.

கேசரியில என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சம்பழம், கற்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கிறதில்ல. பழனிக்கே போகாதவங்களும் இந்தப் பட்டியலைச் சொல்லுவாங்க. அடுக்கு புட்டிங் அப்படி இல்ல. பிஸ்கட் ஒரு கம்பெனி, கஸ்டர்ட் ஒரு கம்பெனி, க்ரீம் ஒரு கம்பெனி. ஒவ்வொரு அடுக்குலயும் நமக்கு ஆகாத ஒண்ணு ஒளிஞ்சிருக்க வாய்ப்பிருக்கு.

முதல் ஆள் ஜெலாட்டின். இது பன்றி, மாடு, மீன் இவற்றோட தோல், எலும்புல இருந்து எடுக்கிறது. புட்டிங் கெட்டியா நிக்கிறதுக்கும், சில க்ரீம் வகைகள் உருகாம இருக்கிறதுக்கும் சேர்ப்பாங்க. மேல அலங்காரத்துக்குப் போடுற மார்ஷ்மெல்லோவுல பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

இங்க நம்ம பக்தர்கள் பல பேர் நல்ல எண்ணத்தோட ஒரு தவறான முடிவுக்கு வந்துடுறாங்க. "ஹலால் முத்திரை இருக்கு, அதனால பயமில்ல"ன்னு. ஹலால் முத்திரை அதுல பன்றி இல்லன்னு சொல்லும். மாடு இல்லன்னு சொல்லாது. முறைப்படி அறுத்த மாட்டோட ஜெலாட்டினுக்கு ஹலால் சான்று கிடைக்கும். அது அவங்க நெறிக்குச் சரியான, நேர்மையான சான்று. நம்ம கேள்விக்கான பதில் அதுல இல்ல, அவ்வளவுதான். நம்ம கேள்விக்குப் பொட்டலத்தோட பின்பக்கத்தைத் தான் படிக்கணும்.

நல்லவேளையா நம்ம நாட்டுச் சட்டம் இதுல நமக்குக் கை கொடுக்குது. 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள்படி, மாடு அல்லது பன்றி சம்பந்தப்பட்ட பொருள் சேர்ந்திருந்தா லேபிள்ல சொல்லியாகணும். 'ஜெலாட்டின்', 'லெம்பு', 'தெலூர்' இந்த மூணு வார்த்தையைத் தேடுங்க. 'லெம்பு'ன்னா மாடு, 'தெலூர்'னா முட்டை. கேக் சாமான் விக்கிற கடையில பெரிய பாக்கெட்டைப் பிரிச்சு, சின்னப் பையில கட்டி விக்கிற பொருளுக்கு லேபிளே இல்லன்னா அதை வாங்காதீங்க.

ரெண்டாவது முட்டை. அமெரிக்க முறையில கஸ்டர்டுக்கு மஞ்சள் கரு போவாங்க, மேல வெள்ளைக் கருவை நுரைக்க அடிச்சுப் போட்டு சுடுவாங்க. விரல் மாதிரி நீளமா இருக்கிற ஸ்பாஞ்ச் பிஸ்கட் முட்டையிலதான் செய்றது. "கேக்ல போடுற முட்டை சைவம்தானே"ன்னு சில பேர் சொல்றாங்க. உங்க வீட்டுல அது உங்க விருப்பம். கோயில்ல சாப்பிடுறவங்கள்ல ரொம்பக் கண்டிப்பா இருக்கிறவர் யாரோ, அவருக்குத் தகுந்த மாதிரிதான் நாங்க சமைக்க முடியும்.

கஸ்டர்ட்னாலே முட்டைன்னு பயப்படவும் வேண்டாம். இங்கிலாந்துல பர்மிங்ஹாம் நகரத்துல ஆல்ஃபிரட் பேர்ட்னு ஒருத்தர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்காது. மனைவியும் கஸ்டர்ட் சாப்பிடணும்னு 1837-ல சோளமாவு வச்சு முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடிச்சார். இன்னைக்குப் பேரங்காடியில நாம வாங்குற கஸ்டர்ட் பவுடர் அந்த வழியில வந்ததுதான். ஒரு ஆளால சாப்பிட முடியலையேன்னு யோசிச்சுப் பிறந்த பொருள். நாங்க கேட்கிறதும் அதே யோசனையைத் தான். லேபிளை மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க, உடனடி புட்டிங் மாவு வகைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது.

சரி, தனித்தனி கப் நல்லதா, கெட்டதா? ரெண்டும் இருக்கு.

நல்லது என்னன்னா, அளவு நம்ம கையில இருக்கு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம்ம நாட்டுல ஆறு பெரியவங்கள்ல ஒருத்தருக்கு நீரிழிவு. நம்ம மண்டபத்துல உட்கார்ந்திருக்கிற வரிசையை எண்ணிப் பாருங்க. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அண்ணே"ன்னு நாமளே அன்பா கரண்டியை நீட்டுவோம். சின்ன கப்புன்னா அங்கேயே நிக்கும். இன்னொண்ணு, சூடான கஸ்டர்ட் பெரிய அண்டாவுல நடுவுல ஆறவே ஆறாது. சின்ன கப்புல சீக்கிரம் ஆறும், அதனால கெட்டுப்போற ஆபத்தும் குறையும்.

எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நன்மை ஒண்ணு இருக்கு. அடுக்குற வேலைக்கு நெருப்பு வேண்டாம். பழத்தை மட்டும் பெரியவங்க நறுக்கிக் கொடுத்தா போதும், மீதியைப் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க. ஒருத்தர் பிஸ்கட் போட, ஒருத்தர் கஸ்டர்ட் ஊத்த, ஒருத்தர் பழம் வைக்க, வரிசையா உட்கார்ந்தா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுடும். "இளையோர் கோயில் பக்கம் வர்றதில்ல"ன்னு கூட்டத்துக்குக் கூட்டம் பேசுறோம். எட்டு வயசுப் பிள்ளை கையைக் கழுவிட்டு நம்ம சமையற்கட்டுல உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை ஒண்ணு கிடைச்சிருக்கு. அதை ஏன் விடணும்?

கெட்டது ரெண்டு. அண்டாவுல பாயசம் குறைஞ்சா கரண்டி அளவைக் குறைச்சு கடைசி ஆள் வரைக்கும் கொடுத்துடுவோம். கப்பை அப்படிச் சுருக்க முடியாது. எண்பது கப் வந்து தொண்ணூறு பேர் இருந்தா, பத்து பேர் வெறுங்கையோட போவாங்க. அதுல அஞ்சு பேர் பிள்ளைங்களா இருப்பாங்க. அடுத்தது குப்பை. ஒரு ஆளுக்கு கப் ஒண்ணு, மூடி ஒண்ணு, கரண்டி ஒண்ணு. இருநூறு பேருக்கு அறுநூறு பிளாஸ்டிக். பத்து நிமிஷத்துல சாப்பிட்டு முடிச்சுடுவோம், அந்தப் பிளாஸ்டிக் நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் கிடக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030-க்குள்ள ஒழிக்கணும்னு அரசாங்கம் 2018-லேயே திட்டம் போட்டுடுச்சு. கோயில் அதுக்கு முன்னாடி நடக்கணும், பின்னாடி இல்ல.

ரெண்டுக்கும் எங்ககிட்ட வழி இருக்கு. ஆலயத்துல சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள் இருக்கு. அதுலயே அடுக்கலாம். "அடுக்கு வெளிய தெரியாதே"ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. தெரியாட்டி என்னம்மா, கரண்டி உள்ள போனா நாக்குக்குத் தெரியும். கழுவ நாங்க இருக்கோம், கூட ரெண்டு கை வந்தா சந்தோஷம். அதோட, கஸ்டர்டுல ஒரு பங்கை அடுக்காம தனியா ஒரு பாத்திரத்துல எடுத்து வைங்க. கிண்ணம் தீர்ந்த பிறகு வர்றவங்களுக்கு அதையும் பழத்தையும் கலந்து கொடுத்துடலாம். யாரும் ஏமாந்து போகக் கூடாது.

இப்போ செய்முறை. 120 மில்லி கிண்ணம் ஐம்பதுக்கு இந்த அளவு:

பால் 3 லிட்டர்
முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடர் 240 கிராம்
சீனி 200 கிராம்
மாரி பிஸ்கட் 100, ஏறக்குறைய 600 கிராம்
வாழைப்பழம் தோலோட இரண்டரை கிலோ
ஏலக்காய் பத்து, தட்டினது
உப்பு ஒரு சிட்டிகை
எலுமிச்சை இரண்டு

அரை லிட்டர் பாலை ஆறின பாலா தனியா எடுத்து, அதுல கஸ்டர்ட் பவுடரைக் கட்டியில்லாம கரைங்க. மீதிப் பாலை சீனியும் உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்க. தீயைக் குறைச்சு, கரைச்சதை ஊத்திக்கிட்டே கிண்டுங்க. கெட்டியானதும் உடனே இறக்கிடாதீங்க. இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் கிண்டினாத்தான் மாவு வாடை போகும். ஏலக்காயைச் சேர்த்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணித் தொட்டியில வச்சு, அப்பப்போ கிண்டிக்கிட்டே வெதுவெதுப்பா ஆற விடுங்க. கிண்டாம விட்டா மேல ஆடை படிஞ்சு அடுக்கு திரிதிரியா வரும்.

பழத்தைக் கடைசியா நறுக்குங்க. பிசாங் மாஸ் சின்ன வட்டமா வரும், கிண்ணத்துக்கு அளவா இருக்கும். பெராங்கானும் நல்லா இருக்கும். சந்தையில ரஸ்தாலி கிடைச்சா ரொம்ப விசேஷம், லேசான புளிப்பு இந்த இனிப்புக்கு அழகா ஒத்துப்போகும். தோல்ல கறுப்புப் புள்ளி நிறைய விழுந்த பழம் பஞ்சாமிர்தத்துக்குத் தான் நல்லது, புட்டிங்ல குழைஞ்சுடும். நறுக்கின துண்டு மேல எலுமிச்சைச் சாறு லேசா தெளிச்சுப் புரட்டுங்க. பழம் கறுக்கிறது காத்து படுறதாலதான், புளிப்பு அதைத் தள்ளிப் போடும்.

கிண்ணத்துல ஒரு பிஸ்கட்டை நொறுக்கிப் போடுங்க, அது மேல ஒரு கரண்டி கஸ்டர்ட், நாலஞ்சு துண்டு பழம். திரும்ப ஒரு பிஸ்கட், மேல கஸ்டர்ட். பழம் வெளிய தெரியாத அளவுக்குக் கஸ்டர்ட் மூடியிருக்கணும். இதுக்கு ஜெலாட்டின் தேவையே இல்ல, கஸ்டர்ட் பவுடரே கெட்டியா நிக்கும். இன்னும் கெட்டி வேணும்னா கடல்பாசியில செய்ற அகார் அகார் இருக்கு, நமக்குப் பழகினதுதான். க்ரீமுக்குப் பதிலா, பரிமாறும்போது குலா மெலாக்கா பாகு அரைத் தேக்கரண்டி விட்டுப் பாருங்க. க்ரீமை யாரும் கேட்க மாட்டாங்க.

மூணு மணி நேரம் ஐஸ்பெட்டியில இருந்தா அடுக்கு செட் ஆகும், பிஸ்கட் பஞ்சு மாதிரி ஆகும். முதல் நாளே செஞ்சு வைக்காதீங்க. மறுநாள் நீர் விட்டு, பழம் கறுத்துடும்.

ஒரு எச்சரிக்கை. இது பால் பண்டம். உலக சுகாதார நிறுவனம் சமைச்ச உணவை அறை வெப்பத்துல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்க வேண்டாம்னு சொல்லுது. குளிர்ச்சியா வைக்கிறதுன்னா 5 டிகிரிக்குக் கீழ. நம்ம ஊர் வெயில்ல மண்டப மேசையில அபிஷேகம் முடியிற வரைக்கும் வரிசையா வச்சிருந்தா அது ஆபத்து. ஆலய ஐஸ்பெட்டியில அபிஷேகப் பால் நிறைஞ்சிருக்கும், அதனால ஐஸ் போட்ட பெட்டியில கொண்டு வாங்க. தீபாராதனை முடிஞ்சு பந்தி உட்கார்ந்த பிறகுதான் வெளிய எடுப்போம்.

ஆக, உபயதாரர்கள் செய்ய வேண்டியது நாலே விஷயம்.

ஒண்ணு, மூணு நாளைக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லிடுங்க.
ரெண்டு, வாங்கின பொருட்களோட லேபிளைப் படம் பிடிச்சு அனுப்புங்க. நாங்களும் ஒரு தடவை படிச்சுப் பார்க்கிறோம்.
மூணு, முடிஞ்சா வீட்டுல செய்யாம, அன்னைக்குக் காலையில ஆலயச் சமையற்கட்டுக்கே வாங்க. பாத்திரம் நமக்கு, கிண்ணம் நமக்கு, கூட உதவிக்கு ஆளும் உண்டு.
நாலு, பால், கோதுமை சேர்ந்ததுன்னு ஒரு அட்டையில எழுதி மேசையில வைங்க. ஒவ்வாமை உள்ள பிள்ளைங்க இருக்காங்க.

"ஒரு கப் புட்டிங்குக்கு இவ்வளவு சட்டமா"ன்னு சலிச்சுக்கிறவங்க இருக்கலாம். நாங்க அதைப் புரிஞ்சுக்கிறோம். காசு போட்டு, ராத்திரி கண் முழிச்சு, ஆசையா செஞ்சு கொண்டு வர்ற தாய்மாரை வாசல்ல நிறுத்தி, பிள்ளைங்க முன்னாடி "இதுல என்ன கலந்தீங்க"ன்னு விசாரிக்கிறது எங்களுக்கும் பிடிக்கல. அப்படி ஒரு சூழ்நிலை வரவே கூடாதுன்னுதான் மூணு நாள் முன்னாடியே பேசிக்கலாம்னு சொல்றோம். குழுவுல இருக்கிற மத்தவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாராவது கொண்டு வந்த இனிப்பைப் படம் பிடிச்சுப் போட்டு, "பாருங்க கோயிலோட நிலைமையை"ன்னு எழுதாதீங்க. சந்தேகம் இருந்தா எங்ககிட்ட நேரா கேளுங்க. ஒருத்தரை அவமானப்படுத்தினா அவங்க அடுத்த வாரம் கோயிலுக்கே வர மாட்டாங்க, அவங்க பிள்ளைங்களும் வர மாட்டாங்க.

அடுத்த மாசம் உபயம் எடுத்திருக்கிற குடும்பங்கள் யாருக்காவது புட்டிங் செய்ய விருப்பம் இருந்தா, கருத்துப் பகுதியில தேதியை மட்டும் எழுதுங்க. சமையற்கட்டு காலை ஏழு மணிக்குத் திறந்திருக்கும். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. பிஸ்கட் நொறுக்க ஆள் எப்பவுமே பத்தாது.

எல்லாருக்கும் இறையருள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்னதானக் குழுத் தொண்டர்கள்